பறி கவ்விய வாய்

பழவேற்காடு ஏரியில் நாங்கள் கையால் தடவி இறால் பிடிப்போம். இரண்டு கையும் சேற்றில் இருக்கும் என்பதால், இறாலைப் போடும் ஓலைப் பறியை அதன் நைலான் கயிற்றால் வாயில் கவ்விக்கொள்வோம்.

மகளைப் பெண் பார்க்கக் காட்டூரிலிருந்து வருகிறார்கள் என்றதும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாமே, உதட்டச் சுத்தி பீடி குடிச்சவ மாதிரி கறுத்துக் கீது? சம்பந்தி இன்னா நெனைப்பாங்க?" விளையாட்டாகத்தான் கேட்டார். என்னால் சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை உப்போடு தேய்த்துக்கொண்டு, வழக்கம்போல வெயிலில் ஏரியில் இறங்கினேன். மறுநாள் வாயைச் சுற்றிக் கொப்புளம்.

பொன்னேரியில் தோல் டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டார். பறி கவ்வுவதைச் செய்து காட்டினேன்.

"கயிறு உராஞ்சுதாம்மா கறுத்துச்சு. அதுமேல எலுமிச்சைய தேச்சு வெயில்ல நின்னா வெந்துதான் போவும்" என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். கறுப்பு மெதுவாகத்தான் மறையுமாம்.

பெண் பார்க்க வந்த அன்று முந்தானையால் வாயை மூடியே நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "இன்னா சம்பந்தி, பல்வலியா?" என்றார். மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன்.

"நாங்க நெல்லு வெளைக்கிறவங்க. உங்க பொண்ணு அங்க எதையும் கவ்வ வேணாம்" என்று சிரித்தார். அன்றே பூ வைத்துவிட்டார்கள்.

இப்போது எலுமிச்சை ஊறுகாய்க்கு மட்டும்தான். பறியைப் பழைய வேட்டித் துணியால் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். வாய் சும்மா இருப்பதால் ஏரியிலும் பேசிக்கொண்டே இருக்கிறேன். "அந்தப் பறியே தேவலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.