தடை கேட்டுத் தேங்காய் உடைத்தேன்

பிள்ளையார் காரியத்தை நடத்திக் கொடுத்ததாகப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் என் மகளின் காரியம் கெட்டுப்போக வேண்டும் என்று அவரிடம் கேட்டவன். அதை மறைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே வீடு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதற்கும் பயப்படுவேன். மழை வலுத்தால் பயம், போன் அடித்தால் பயம். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகள் கோமதி கார் பந்தயத்துக்குப் போனாள். ஒரே ஒரு ஆள் உட்காருகிற, நாலு சக்கரமும் வெளியே தெரிகிற கார். கோயம்புத்தூரில் ஓட்டிப் பழகி, அங்கே ஜெயித்தாள். ஒரு கம்பெனி செலவை ஏற்றுக்கொள்ள, பதினெட்டு வயதில் இத்தாலிக்குப் போனாள். சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை ஏழு ஊர்களில் இளையவர்களுக்கு நடக்கிற பந்தயம்.

மூன்றாவது ஊரில் அவளுக்கு முன்னால் போன கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. கழன்ற சக்கரம் ஒன்று என் பிள்ளையின் தலைக்கு மேலே பறந்ததைப் போனில் பார்த்தேன். அன்று முதல் சோறு இறங்கவில்லை.

"போதும் மக்களே, வந்துரு" என்று கோமதியிடம் போனில் சொன்னேன்.

"சும்மா பயந்து பேடிச்சுக்கிட்டு இருக்காதீங்கப்பா. கவுந்த பையன் மறுநாளே ஓட்டுனான். உங்களுக்குத்தான் இன்னும் ஜொரம் விடல்ல" என்று சிரித்தாள்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம் அவளுக்கு அடுத்த பந்தயம். காலையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். தடை நீங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் அங்கே தேங்காய் உடைக்கிறார்கள். நான் தடை கேட்டு உடைத்தேன். "இன்னைக்கு அவ கார் ஓடக் கூடாது. நின்ன இடத்துலேயே நிக்கட்டும்." தேங்காய் சிதறியது. மனசு லேசாயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி கூடுதலாகவே தின்றேன்.

மதியம் என் மனைவி சங்கரியும் அவள் தம்பி முருகனும் நானும் டிவி முன்னால் இருந்தோம். பந்தயம் தொடங்குவதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்குகள் அணைந்தன. எல்லாக் கார்களும் பாய்ந்தன. கோமதியின் கார் மட்டும் நின்றது.

நான் கை தட்டினேன். எழுதவே கூசுகிறது.

"அய்யோ அத்தான், கை தட்டாதீங்க! பின்னால வர்றவன் அவளப் பாக்கல்ல!" என்று முருகன் கத்தினான்.

கடைசி வரிசையிலிருந்து வந்த கார் அப்படியே மோதியது. பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். திரையில் வேறு எதையோ காட்டினார்கள். அவளுடைய குழுவுக்கு முருகன் போன் மேல் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை.

செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "காலைல கேட்டவன் நான்தான். தப்பாக் கேட்டுட்டேன். எம்பிள்ளைக்குக் கால் அசையணும். அவ நடக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அண்ணாச்சி, நட இனி வைகிட்டுதான் தொறக்கும். வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வாங்க" என்றார் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர். நான் போகவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முருகன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "முதுகெலும்புல அடி, அத்தான். கீழ எலும்பு ஒண்ணு நசுங்கியிருக்காம். ஆனா கால் வெரல அசைக்கிறாளாம்." நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்டது கேட்டபடியே கிடைத்தது.

அதற்குப் பிறகு நல்லதாக ஒன்றும் நடக்கவில்லை. அவள் இடத்தில் வேறொரு பையன் மிச்சப் பந்தயங்களை ஓட்டினான். கம்பெனி விலகிக்கொண்டது. கார்த்திகையில் கோமதி இடுப்பில் பட்டையோடு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. பழவங்காடியில் என்ன கேட்டேன் என்று அவளிடம் சொல்லி அழுதேன்.

கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க காருல கிளட்ச் கையிலதான். அத விட்டது என் கைதான்ப்பா. அவசரத்துல விட்டேன், எஞ்சின் நின்னுபோச்சு. நாலு மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கிடக்கேன். அந்தத் தப்பையும் நீங்க எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

பிறகு, "கை தட்டுனீங்களாமே. அம்மா சொன்னா. அதுதான் வலிக்குது" என்றாள்.

குற்றம் அவள் கையிலா, என் வாயிலா, எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் சொல்லட்டும். நடை சாத்தியிருந்தபோதும் ஒரு பயந்தாங்கொள்ளி சொன்னது உள்ளே கேட்டது. அது எனக்குத் தெரியும். இப்போது கோமதி எங்கள் மாடிப்படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறி இறங்குகிறாள். ஒவ்வொரு படிக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். அரை மணிக்கு மேல் அவளால் உட்கார முடியாது. வலி இருக்கிறது. எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறாள்.

என்னைப் போலப் பயந்து சாகிறவர்கள் இதைப் படித்தால், பயத்தோடேயே அவர் முன்னால் போய் நில்லுங்கள். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளின் வழியை மறிக்கச் சொல்லாதீர்கள்.

ஏதாவது ஒரு குழு அவளைக் கூப்பிட வேண்டும், அவள் மறுபடி ஓட்ட வேண்டும். இப்போது நான் கேட்பது இதுதான். சொல்லி முடிப்பதற்குள் உடம்பெல்லாம் வேர்த்துவிடுகிறது. சொல்லி முடித்துவிட்டுத்தான் வருகிறேன்.