படத்துக்காரியின் இடுப்பு

அந்தப் படத்தில் இருந்தவளுக்கு முகம்கூடக் கிடையாது. பென்சிலால் இழுத்த நாலு கோடு, ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் இடுப்பு, அதற்குக் கீழே குடைபோல விரிந்த கவுன். ஐம்பதுகளில் பாரிஸில் பேர்போன ஓர் உடை வடிவமைப்பாளர் வரைந்ததாம். அக்காவுக்கு மாமியாராக வரவிருந்த புதுச்சேரி அம்மாள் ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையிலிருந்து அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை.

“ஏரோப்ளேன்ல போய் எறங்கச்சொல்லோ பொண்ணு இதைத்தான் போட்டுக்கினு இருக்கணும் சம்மந்தி. அச்சு அசல் இப்படியே இருக்கணும்” என்றார்.

விழுப்புரத்தில் ஒரு டெய்லர் கவுன் தைப்பார் என்று கேள்விப்பட்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பெண்கள்மேல் டேப் வைக்க மாட்டார். அளவு ஜாக்கெட்தான் கேட்டார். கொடுத்தோம். ஜாக்கெட்தான் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறதே!

“இடுப்பு எவ்ளோ வெக்கட்டுங்க?”

“படத்துல இருக்கிற மாதிரியே வெச்சிடுங்க” என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கேப்பைக் களி தின்று வளர்ந்த கெட்டி உடம்புக்காரி.

கவுன் வந்தது. கொக்கி சேரவில்லை. உள்ளே பிரித்துவிடத் துணி இருந்தது. பிரித்தால் படம் மாதிரி இருக்காது என்று அம்மா மறுத்துவிட்டாள். சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. அக்கா முதலில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள், அப்புறம் காலையிலும். மத்தியானம் மட்டும் ஒரு டம்ளர் மோர். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொக்கி சேர்ந்த அன்றைக்கு அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதுச்சேரி அம்மாள் கவுனைப் பார்க்க வந்தார். அக்கா அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவர் கவுனைப் பார்க்கவே இல்லை. துருத்திக்கொண்டிருந்த கழுத்தெலும்பையே பார்த்தார்.

“இன்னா சம்மந்தி, பொண்ணு இப்படி ஒட்டிப் போயிக்கீது? டிபி கிபி இருக்குதா?”

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். நோயாளிப் பெண் வேண்டாம் என்று தரகர் மூலம் சேதி வந்தது.

சேதி வந்த மத்தியானம் அம்மா சுடச்சுடச் சோறு வடித்து, மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து அக்கா முன்னால் வைத்தாள். அக்கா ரெண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

“இனிமே யாருக்குடி பட்டினி கெடக்கிற? சாப்புடுடி” என்று கத்திக்கொண்டே அம்மா அழுதாள்.

அக்கா கோபப்படவில்லை. “பசிக்கவே மாட்டேங்குதும்மா. நான் இன்னா பண்றது?” என்றாள்.