எறும்பு கடிக்காத கை

மழை விட்டதும் எங்கள் வீட்டுக்கு முதலில் வருகிற விருந்தாளி செவ்வெறும்புதான். கடலூருக்குத் தெற்கே, கம்பெனிகள் பக்கம், தாழ்வான இடத்தில் வீடு. வாசலில் தண்ணீர் தேங்கினால் போதும், முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஏறிவிடும். அம்மா மஞ்சள்பொடி தூவுவாள், மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பாள். எறும்பு கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு வேறு வழியாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது தம்பியின் தூளிக்குள் புகுந்துவிட்டது. அவனுக்கு அப்போது பேச்சு வரவில்லை. அவன் அலறிய அலறலில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தொடையெல்லாம் தடிப்பு. சிதம்பரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்த மாமா அன்று வந்திருந்தது எங்கள் நல்ல காலம். சுண்ணாம்பு டப்பாவோடு வந்த அம்மாவைத் தடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியை மடித்து வைத்தார்.

"கொப்புளம் வந்தா கிள்ளாதக்கா, அதுவா அடங்கிடும். மொகம் வீங்குனாலோ, மூச்சு வாங்குனாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்" என்றார். வீங்கவில்லை. தம்பி விசும்பிக்கொண்டே தூங்கிப்போனான்.

அப்பாவுக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தென்னையடியில் புற்றைக் கண்டுபிடித்தார். அம்மா அலமாரியிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினாள். கெமிக்கல் டிரம் கழுவும் வேலைக்குக் கம்பெனியில் கொடுத்தது. கவர்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. நல்ல பொருள் எதுவானாலும் பத்திரப்படுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா வெறுங்கையால்தான் டிரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"புதுசு, எதுக்குப் பாழாக்கணும்" என்று தள்ளிவிட்டு, புற்று மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொதிக்கிற வெந்நீர் வாளிக்குள் போட்டார். விரல் தெரியாமல் எறும்பு மொய்த்தது. அவர் உதறவே இல்லை. முழங்கைக்கு மேலே ஏறிச் சுள்ளென்று கடித்த ஒன்றிரண்டை மட்டும் முகம் சுளித்துத் தட்டிவிட்டார். நான் வாய் பிளந்து நின்றேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட இதைவிட வேறென்ன வேண்டும்?

மாமாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா கைகழுவிவிட்டு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மச்சான், ஒரு வெளையாட்டு. கண்ண மூடிக்கிங்க. குத்துனா சொல்லணும்."

அம்மாவிடம் ஊக்கு ஒன்றை வாங்கி, அப்பாவின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். அப்பா கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"குத்து மாப்ள, எவ்ளோ நேரம் யோசிப்ப?"

அவருடைய சுண்டுவிரலில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"எத்தினி நாளாங்க இப்படி?" என்றாள் அம்மா. அப்பா கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சிதம்பரத்துக்கு வாங்க, டாக்டரிடம் காட்டலாம் என்றார் மாமா. அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காட்டலாம், காட்டலாம். வெளிய மட்டும் சொல்லிடாத. காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள வச்சிடுவான்."

கையுறை மறுபடி அலமாரிக்குப் போனது.

எனக்கோ எரிச்சல். விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் குத்த வேண்டும் என்று அடம்பிடித்தேன். யாரும் குத்தவில்லை. மாமா கீழே வைத்த ஊக்கை எடுத்து நானே குத்திக்கொண்டேன். முனை பட்டதுமே வீலென்று கத்திவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, கொப்புளம் கிளம்பிய கையால் முதுகைத் தடவினார்.

அப்பா ஜெயித்துவிட்டார், நான் தோற்றுவிட்டேன். தோற்றவள் நான் இருக்க, அம்மா எதற்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.