எட்டுப் பேர் தின்ற இனிப்பு

இஸ்க்ரா தொன்சேவாவுக்கு அந்த ஜூனில் ஐம்பத்தொன்பது முடிந்திருந்தது. அதில் இருபத்தேழு வருடத்தை ஒரே சன்னலோரத்தில் கழித்தவள். நாற்காலிதான் மூன்று முறை மாறியது. ப்ளோவ்திவ் நகரில் ஒரு காலத்தில் புகையிலைக் கிடங்காக இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடி அது. வெயில் ஏறினால் சுவர்கள் இன்றும் புகையிலை வாடை விடும். புகைபிடிப்பதை விட்டு ஒன்பது வருடம் ஆகியும் அந்த வாடையால்தான் கை தன்னையறியாமல் பையைத் தேடுகிறது என்று அவள் குறைப்பட்டுக்கொள்வாள்.

அங்கே ஒன்பது பேர் சேர்ந்து ஒரு கணினி மொழியை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் ஆற்றின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள்: மரித்சா. பெரிய ஊர்களில் யாருக்கும் தெரியாத மொழி. ஆனால் பால் பண்ணைகள், குளிர்கிடங்குகள், மாவு ஆலைகள் என்று நாட்டின் பாதி இயந்திரங்கள் அதில்தான் ஓடின. மனிதர் எழுதும் வரிகளை இயந்திரம் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. அந்தக் கம்பைலரின் முதல் பதிப்பை எழுதியவர்கள் இரண்டே பேர். ஒருவன் வெலிச்கோ, தொழில்நுட்பப் பள்ளியில் இஸ்க்ராவின் வகுப்புத்தோழன், நிறுவனம் அவனுடையது. இன்னொருத்தி இஸ்க்ரா.

அந்த ஊர் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் அவர்தான் மற்றவர்களுக்கு இனிப்பு தர வேண்டும். தன் பெயருள்ள புனிதரின் திருநாளான பெயர் நாள் வந்தால், பேரன் பிறந்தால், புதுக் கார் வாங்கினால், ஒரு வேலையை எழுதி முடித்தால் சாக்லேட் பெட்டியை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போக வேண்டும். எடுப்பவர் எதற்கு என்று கேட்டு, வாழ்த்திவிட்டுத்தான் வாயில் போடுவார். இஸ்க்ராவின் கதையைச் சொல்வதென்றால் மூன்று பெட்டிகளின் கதையைச் சொன்னால் போதும். நான்காவது ஒன்றும் இருக்கிறது, அது கடைசியில்.

முதல் பெட்டி கலோயானுடையது. முப்பத்தாறு வயது, சுறுசுறுப்பானவன், பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன்னை மறந்து தலையாட்டுவார். அவன் கண்ணை உறுத்தியது இஸ்க்ரா முதல் வருடம் போட்ட ஒரு விதி. மரித்சாவில் எழுதும் ஒவ்வொரு செயற்கூறும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் சிறு வரித்தொகுப்பும், கேட்டவருக்கு ஒரு பதிலைத் திருப்பித் தரும். எண்ணோ, சொல்லோ, பட்டியலோ, அது என்ன வகை என்று கம்பைலருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். பெரும்பாலும் உள்ளே எட்டிப் பார்த்து அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் செயற்கூறு என்று வந்தால் சிக்கல். அதன் பதில் என்னவென்று தெரிய அதன் பதிலே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இஸ்க்ராவின் கம்பைலர் அங்கே நின்றுவிடும். 'இது என்ன தரும் என்று நீயே எழுது' என்று ஒரு வரி காட்டும். அவ்வளவுதான் விதி.

இந்தக் காலத்தில் யார் கையால் எழுதுவார்கள் என்றான் கலோயான். அவன் வழி வேறு. தன்னையே கூப்பிடும் செயற்கூறைக் கண்டால், 'இதிலிருந்து எந்தப் பதிலும் திரும்பி வராது' என்று கம்பைலர் தற்காலிகமாக வைத்துக்கொள்ள வேண்டியது. பிறகு மற்ற வரிகளைப் படித்து, எண் வருகிறது என்று தெரிந்தால் எண் என்று திருத்திக்கொள்ள வேண்டியது. எழுதுபவருக்கு ஒரு வேலை மிச்சம். அழகான யோசனைதான், இஸ்க்ராவும் அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு செயற்கூறுகள் ஒன்றையொன்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றைப் பற்றிய தற்காலிக ஊகத்தை நம்பி மற்றதைப் பற்றி நிரந்தரமாக முடிவெடுத்துவிடுமே? பதிலே வராது என்று ஒன்றின் மேல் முத்திரை விழுந்துவிட்டால், அதைக் கூப்பிடும் இடத்துக்கு அப்புறம் உள்ள வரிகளைக் கம்பைலர் வெட்டி எறிந்துவிடும். பதில் வராத இடத்துக்கு அப்பால் இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி நடக்கும் என்று காட்ட பன்னிரண்டு வரியில் ஒரு சோதனையும் எழுதி அவனிடம் கொடுத்தாள்.

"யாரு அக்கா இப்படியெல்லாம் எழுதப் போறாங்க?" என்றான் கலோயான்.

வெலிச்கோவும் அவன் பக்கம்தான். வியன்னாக்காரர்கள் நிறுவனத்தை வாங்கப் போகிறார்கள், அவர்களுக்குக் காட்டப் புதிதாக ஏதாவது வேண்டும். சோதனை முடக்கப்பட்டது. மார்ச் மாதம் வேலை முடிந்த அன்று கலோயான் ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தான். உள்ளே முழுச் செர்ரிப் பழம் வைத்து, கடித்தால் சாராயம் வழியும் சாக்லேட். எட்டுப் பேரும் எதற்கு என்று கேட்டார்கள், அவனும் எட்டு முறை பெருமையோடு சொன்னான். இஸ்க்ராவும் எடுத்துக்கொண்டாள். வாழ்த்தினாள். வேலையைப் பற்றிய சண்டையை இனிப்பு வரை இழுத்துப் போகும் ஆள் அல்ல அவள்.

இரண்டாவது பெட்டி அவளே கொடுத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

வியன்னாக்காரர்கள் நிறுவனத்தை வாங்கியதும், எல்லாக் கோப்புகளையும் தங்களுடைய புதுக் கணினிக் கிடங்குக்கு மாற்றச் சொன்னார்கள். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று அந்தக் கிடங்கு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் காட்டும். பழைய வரலாறெல்லாம் எதற்கு, சுத்தமாகத் தொடங்குவோம் என்றான் வெலிச்கோ. மாற்றுவது அலுப்பான வேலை. யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் யார் செய்வார்கள்? இஸ்க்ராதான். பழைய குப்பையைக் களைந்து, இடைவெளிகளைச் சரிசெய்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினாள். அந்த நிமிடத்திலிருந்து மரித்சாவின் இரண்டு லட்சம் வரிக்கும் பக்கத்தில் அவள் பெயர்தான். வெலிச்கோ எழுதியது, கலோயான் எழுதியது, எப்போதோ வந்து போன பையன்கள் எழுதியது, எல்லாமே இஸ்க்ரா தொன்சேவா.

"அக்கா, மொத்த மரித்சாவும் இப்ப உங்களோடதுதான். இனிப்பு எங்கே?" என்று முதலில் கேட்டவன் கலோயான்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். அன்றும் எட்டுப் பேர் தின்றார்கள்.

ஜூன் இரண்டாம் வாரம் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. வரவேற்பு மேசையில் இருந்த ஸ்லாட்கா நாடாவை வெட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மரக்கூடை நிறைய அழுகின செர்ரி. மேலே ஒரு காகிதம்: 'உங்கள் மொழி பார்த்துக்கொண்ட பழம்.' பசார்ஜிக் பக்கம் உள்ள ஒரு குளிர்கிடங்கின் முதலாளி அனுப்பியது. அவருடைய ஆள் எழுதியிருந்த நிரலில் இரண்டு செயற்கூறுகள். ஒன்று ஓர் அறையின் சூட்டைப் பார்க்கும், மற்றது அடுத்த அறைக்குப் போகச் சொல்லும். ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே கடைசி அறை வரை போய், எத்தனை அறை சூடாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த வரியில் எச்சரிக்கை மணி. புதுக் கம்பைலர் அந்த மணியின் வரியையே வெட்டி எறிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை குளிர்விப்பான் நின்றுபோனது. மணி அடிக்கவில்லை. அந்தப் பருவத்துச் செர்ரி மொத்தமும் போயிற்று.

இஸ்க்ரா அந்த நிரலைப் படித்தபோது அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, ஒருவித வெட்கம். அவள் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு வரிச் சோதனையும் இதுவும் ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு.

வியன்னாவிலிருந்து ஒரே கேள்வி வந்தது: அந்தப் பகுதியை எழுதியவர் யார்? பொறுப்பானவர் பெயர் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வெலிச்கோ எல்லாரையும் கூட்டி, அந்தப் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். எண்பத்து மூன்று வரி, எண்பத்து மூன்று முறை அவள் பெயர். அதே சுவரில், திரைக்கு இடது பக்கம், செப்டம்பரில் நடக்கப்போகும் மாநாட்டின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. 'தானாகவே அறியும் மரித்சா, பேசுபவர் கலோயான்' என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கண் இரண்டும் நன்றாகவே தெரியும்.

இஸ்க்ரா கத்தவில்லை. பழைய கணினியின் வன்தட்டு எங்கே என்று கேட்டாள். அதில் பழைய வரலாறு இருக்கும். அந்தக் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, தன் அக்கா மகன் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாயிற்று என்றான் வெலிச்கோ. அதற்குமேல் அவளிடம் சான்று என்று எதுவும் இல்லை. ஆனால் எட்டுப் பேர் இருந்தார்களே. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். 'நான் எழுதினேன்' என்று கலோயான் சொன்னால் போதும். அவனை யாரும் தூக்கில் போடப் போவதில்லை. தப்பு எல்லாரும் செய்வதுதான், அவளும் செய்திருக்கிறாள், தன் தப்புக்குத் தானே கை தூக்கியும் இருக்கிறாள்.

"கலோயான், நீயே சொல்லு. இதை யார் எழுதினது?"

கலோயான் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "பதிவுல என்ன இருக்கோ அதானே அக்கா," என்றான், மூடியைப் பார்த்தபடி.

"அன்னைக்கு முடிச்சுட்டேன்னு பெட்டி நீட்டினியே, அது எதுக்கு?"

அவன் மூடியை இன்னும் ஒரு சுற்று திருகினான். வெலிச்கோதான் குறுக்கே வந்தான். "யோசனை கலோயானோடது, எழுதினது இஸ்க்ரா. அப்படித்தான் நான் வியன்னாவுக்கு எழுதப் போறேன். இதைப் பெருசு பண்ணாத."

"நீயும்தானே அந்தச் சாக்லேட்டைத் தின்னே, வெலிச்கோ."

"நான் இங்க எத்தனையோ சாக்லேட் தின்னிருக்கேன். எது எதுக்குன்னு யாரு ஞாபகம் வச்சுக்கறது?"

மற்ற ஐந்து பேரும் தங்கள் கைப்பேசியிலோ நகத்திலோ எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஸ்லாட்கா மட்டும் அழுதாள். அழுதாளே தவிர அவளும் பேசவில்லை.

கூட்டம் முடிந்ததும் கலோயான் அவள் பின்னாலேயே இரும்புப் படிக்கட்டுக்கு வந்தான். மாநாடு முடிந்ததும் தன்னை வியன்னாவுக்குக் கூப்பிடப் போகிறார்கள், இரட்டைப் பெண்பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்க்க இடம்கூடப் பார்த்தாயிற்று என்றெல்லாம் சொன்னான். பிறகு அவன் சொன்னதை இஸ்க்ரா சாகும்வரை மறக்க மாட்டாள்.

"நீங்க எப்படியும் இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயராகிப் போகப் போறவங்கதானேக்கா."

அவள் கணவன் மெத்தோதி முப்பது வருடம் டிராலி பஸ் ஓட்டியவன். வீட்டில் அவன் முன்னால் தயிர்ச் சூப்பை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குக் கம்பைலரும் தெரியாது, செயற்கூறும் தெரியாது. கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பய பதில் சொல்லவே மாட்டானா?" என்றான். மாட்டான் என்றாள். சொல்லிய பிறகுதான் இந்தக் கூட்டத்துக்கு அப்பால் தனக்கு அங்கே ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உறைத்தது. இருபத்தேழு வருடத்தை எவனோ கத்தரித்து எறிந்துவிட்டான், சத்தமே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். போகிறவர்களும் இனிப்பு தர வேண்டும், அதுவும் வழக்கம்தான். மூன்றாவது பெட்டியை அவள் தேடித் தேடி வாங்கினாள். கலோயான் மார்ச்சில் வாங்கியதே வேண்டும், அதே செர்ரி, அதே சாராயம். மேசை மேசையாகப் போனாள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த சேதி. அவளே சொன்னாள், எல்லார் காதிலும் விழும்படி.

"இது நான் போறதுக்கு இல்ல. மார்ச் மாசம் கலோயான் ஒரு வேலையை முடிச்சுட்டு இனிப்பு கொடுத்தான். இப்ப அதை நான்தான் எழுதினேன்னு ஆயிடுச்சு. அப்ப இனிப்பும் நான்தானே தரணும். எடுத்துக்குங்க."

யாராவது ஒருவர் கையை இழுத்துக்கொள்வார் என்று அவள் நம்பினாள். அதற்காகத்தான் வாங்கி வந்தாள் என்றே சொல்லலாம். ஒரே ஒருவர் வேண்டாம் என்றிருந்தால், அதை வைத்துக்கொண்டே மிச்ச நாளை ஓட்டியிருப்பாள். வெலிச்கோ எடுத்துக்கொண்டான். ஐந்து பேரும் வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்லாட்கா கண்ணைத் துடைத்த கையாலேயே எடுத்துக்கொண்டாள். கலோயான் எடுத்து, தாளைப் பிரிக்காமல் மேசையில் வைத்தான்.

"சாப்பிடு," என்றாள் இஸ்க்ரா. அவன் தின்று முடிக்கும் வரை பெட்டியோடு அங்கேயே நின்றாள்.

"நல்லா இருங்கக்கா," என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டே.

ஜூலையில் ஸ்லாட்காவைச் சந்தையில் பார்த்தாள். தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்றபடி ஸ்லாட்காதான் சேதிகளைக் கொட்டினாள், கேட்காமலேயே. அந்தப் பிழையைச் சரிசெய்தாகிவிட்டதாம். எப்படி என்று இஸ்க்ரா கேட்டாள். தனக்கு என்ன தெரியும், தன்னையே கூப்பிடுகிற செயற்கூறு வந்தால் இனிமேல் கம்பைலர் நின்று, இது என்ன தரும் என்று நீயே எழுது என்று கேட்குமாம், அப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்றாள் ஸ்லாட்கா. வியன்னாவில் ரொம்பப் பாராட்டினார்களாம்.

"யார் எழுதினா?"

"கலோயான்தான். ஏழு பேருக்கும் இனிப்புகூடக் கொடுத்தான்," என்றாள் ஸ்லாட்கா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது போலும், தக்காளியை வாங்காமலேயே போய்விட்டாள்.