தொடர்புகளுக்கு: நாயகி (மனைவி)

நாயகி அன்ரி எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவரது முகத்தில் சிறிய சந்தோசம் ஒன்று இருந்தது. கணவர் செத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த பிறகு அவரை நான் அப்படிப் பார்த்திருக்கவில்லை. கையில் போன்.

"பிள்ளை, கிருஷாந்து காசு போட்டவன். வந்திட்டுதோ எண்டு ஒருக்காப் பார். மெசேஜ் வந்து கிடக்குது, எல்லாம் இங்கிலீசு."

வேலைக்கான விண்ணப்பம் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போனை வாங்கினேன். வங்கியிலிருந்து செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. முதலாவதில் ஆறு இலக்க எண் ஒன்று. இதை எவருக்கும் சொல்ல வேண்டாம், வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மற்றவை எல்லாம் கணக்கிலிருந்து காசு போனதைச் சொல்லும் செய்திகள். கடைசிச் செய்தியில் மீதியாக இருந்த தொகைக்கு ஒரு சோடி செருப்புக்கூட வாங்க முடியாது.

"அன்ரி, இந்த நம்பரை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"ஓம். அவன்தானே கேட்டவன். அதைச் சொன்னால்தான் காசு உள்ளுக்கை வருமாம்."

மீதித் தொகையை மறுபடியும் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல அந்தச் சந்தோசம் போய்விட்டது.

அருமைநாயகி என்பது முழுப்பெயர். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் எதிர்வீடு. கணவர் முருகேசு குத்தகைக் காணியில் வெங்காயமும் பயற்றங்காயும் செய்தவர். பிள்ளைகள் இல்லை. விதைப்பது, இறைப்பது, பிடுங்குவது எல்லாம் இரண்டு பேரும்தான். பிடி கட்டிய வெங்காயத்தை மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டு போவது அன்ரியின் வேலை. தராசில் விரல் வைக்கும் வியாபாரிகளை அவர் கையோடு பிடித்து, "தம்பி, விரலையும் சேர்த்தோ விக்கிறாய்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். ஏமாறுகிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிறகு அவரைப் பற்றி ஊர் கதைத்த கதை வேறு.

முருகேசு மாமா நெஞ்சு நோவென்று படுத்தார், எழும்பவில்லை. கார்த்திகை மழை விடாமல் பெய்த நாட்கள் அவை. விதைக்கென்று கட்டித் தூக்கியிருந்த வெங்காயம் முழுவதும் அந்த ஈரத்தில் அழுகிப் போயிருந்தது. கணக்கில் கிடந்தது கடைசியாக இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கிய வெங்காயத்தின் காசு. மழை விட்டதும் காணிக்காரருக்குக் குத்தகை கட்டி, விதை வாங்கி நட வேண்டும். நடாவிட்டால் காணி கைமாறிவிடும். "செத்தவீட்டுக்கு ஊர் உதவி செய்யும். தோட்டத்துக்கு ஆர் செய்யிறது?" என்று அந்தக் காசில் அவர் கை வைக்கவே இல்லை.

அந்தக் காசுதான் போனது.

எப்படிப் போனது என்பது விளங்க, மரண அறிவித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் இணையத்தில் அறிவித்தல் போடுவோம். இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு சகோதரர், இன்னார் இன்னாரின் அன்பு மாமனார் என்று பெயர்கள் வரிசையாக வரும். யார் கனடா, யார் பிரான்ஸ் என்று பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு பெயர் விடுபட்டால் ஆண்டுக்கணக்கில் கதைபேச்சு இல்லாமல் போய்விடும். ஆகவே யாரும் எதையும் விடமாட்டார்கள். கடைசியில் தொடர்புகளுக்கு என்று போட்டு, வீட்டாரின் போன் எண்கள் இருக்கும். முருகேசு மாமாவின் அறிவித்தலை அவருடைய தம்பி தம்பிஐயா சொல்லச் சொல்ல, யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியன் ரைப் பண்ணினான். இறந்துபோன அக்காவின் மகன் கிருஷாந், கனடா. தம்பிஐயாவின் மகன் நிருஷன், பிரான்ஸ். அவரவர் மனைவி, பிள்ளைகள். ஒருவரும் தப்பவில்லை. கீழே, நாயகி, மனைவி என்று எண்.

கிருஷாந் சின்ன வயதில் சில காலம் இவர்களுடைய வீட்டில் இருந்து படித்தவன். பிறகு தகப்பனோடு வெளிநாடு போனவன் திரும்பி வரவில்லை. ஆகவே போனில் "மாமி, நான் கிருஷாந்" என்று ஒரு ஆண்குரல் சொன்னபோது, சந்தேகப்பட அன்ரியிடம் பழைய குரல் ஒன்று இருக்கவில்லை.

"என்னெண்டு நம்பினனீங்கள் அன்ரி?" என்று அன்றைக்கே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாற்றை பேரும் சொன்னவன் பிள்ளை. தம்பிஐயா மாமா எப்பிடி, நிருஷன் அண்ணை வந்தவரோ எண்டு. எட்டுக்கு வர முடியேல்லை, முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்காவது என்ரை பங்குக்கு ஏதும் செய்யோணும் எண்டு அழுமாப்போலை கதைச்சவன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "சாப்பிட்டீங்களோ மாமி எண்டும் கேட்டவன்."

முதல் நாள் அவன் காசைப் பற்றியே கதைக்கவில்லையாம். இரண்டாம் முறைதான் கணக்கு எண்ணும் அடையாள அட்டை எண்ணும் கேட்டிருக்கிறான். மூன்றாம் முறை, வரும் ஆறு இலக்கத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறான். அந்த எண்ணைக் கொண்டு அன்ரியின் கணக்கை எங்கேயோ இருக்கும் ஒரு போனோடு இணைத்து, காசை எடுத்துவிட்டான். அன்ரிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். எண்களை மட்டும் வாசித்தார்.

வங்கியின் உதவி இலக்கத்துக்கு உடனே போன் எடுத்துக் கணக்கை மறிக்கச் சொன்னேன். மறித்தார்கள். மறிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே இரண்டு பேரும் கிளைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இருந்த உத்தியோகத்தருக்கு என்னுடைய வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அன்ரி, ஓ.ரி.பி. நீங்கள்தான் குடுத்திருக்கிறீங்கள்."

"நான் காசு குடுக்கேல்லைத் தம்பி. நம்பர்தான் குடுத்தனான்."

"அந்த நம்பரைக் குடுத்தால் காசைக் குடுத்த மாதிரித்தான் அன்ரி."

"அப்ப, குடுக்க வேண்டாமெண்டு சொல்லுறதை எனக்கு ஏன் தம்பி இங்கிலீசிலை சொன்னனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். உனக்கு விளங்கும்தானே என்கிற பார்வை. "சிஸ்ரம் அப்பிடித்தான் அனுப்பும்" என்றார். எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் வெட்கமாக இருந்தது.

வங்கிக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதியது நான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். பட்டம் எடுத்து, வேலைக்கு எழுதி எழுதி, பதில் வராத கடிதங்கள் எழுதுவதில் பழகியிருந்தேன். ஆனாலும் அன்றைக்கு மேசையில் இருந்து எழுதியபோது, முதல்தடவையாக என் படிப்பு ஒருவருக்கு உதவப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அதை மறைக்க முடியாது. ஏழை விதவை, மொழி தெரியாதவர், துக்க வீடு என்று நல்ல சொற்களாகத் தேடிப் போட்டேன். அம்மா தேத்தண்ணி வைத்துத் தந்தார். அன்ரி பக்கத்தில் இருந்து, என் கை போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிசிலும் போய்ச் சொன்னோம்.

"ஆள் ஆரெண்டு தெரியுமோ அம்மா?" என்று பதிந்தவர் கேட்டார்.

"ஓம். கிருஷாந்து."

"அவர் இல்லையே. அவற்றை பேரைச் சொன்ன ஆள்."

"ஓம், அவர் இல்லை" என்றார் அன்ரி. பிறகு கொஞ்ச நேரத்தில், "கிருஷாந்து முதல் எடுத்தது செவ்வாய்க்கிழமை" என்று மறுபடியும் தொடங்கினார். பதிந்தவர் பேனையை வைத்துவிட்டார். செத்தவீட்டுக்காரருக்கு இப்படிப் போன் எடுக்கிறார்கள், நீங்கள் முதல் ஆள் இல்லை என்று சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைக்கிறேன்.

தம்பிஐயா மாமா அன்று பின்னேரம் வந்து முற்றத்திலேயே நின்று கத்தினார்.

"ஏன் மச்சாள், விசரே உங்களுக்கு? ஆரோ ஒருத்தன் கேட்டால் நம்பரைத் தூக்கிக் குடுக்கிறதே?"

"இன்ரநெற்றிலை எல்லாற்றை பேரையும் தூக்கிக் குடுத்தது நீங்கள்தானே தம்பி."

"பேர் போடாமல் என்னெண்டு மரண அறிவித்தல் போடுறது? நிருஷன்ரை பெண்சாதியின்ரை பேரை விட்டிருந்தால் இண்டைக்குப் பிரான்சிலையிருந்து என்னைப் பேசிக் கொண்டிருப்பாள்!"

இரண்டு பேர் சொன்னதும் சரி. தம்பிஐயா மாமா பிரான்சிலிருக்கும் நிருஷனுக்கு எடுத்து, அவரிடம் கிருஷாந்தின் எண்ணை வாங்கி, நடந்ததைக் குரலில் பதிந்து அனுப்பினார். நான் மாமியோடு கதைக்கவே இல்லை என்று ஒரு வரி பதில் வந்தது.

அந்தியேட்டி கீரிமலையில் ஊராரின் உதவியோடு நடந்தது. அதற்குள் வங்கியின் பதிலும் வந்துவிட்டது. பணம் உங்கள் எண்ணுக்கு அனுப்பப்பட்ட கடவு இலக்கத்தால் உறுதி செய்யப்பட்டே செலுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே வருந்துகிறோம் என்று இருந்தது. என் ஆங்கிலத்தில் பிழை எதுவும் இருக்கவில்லை. அவர்களுடையதிலும் இல்லை. அன்ரிக்கு அதைத் தமிழில் சொல்ல எனக்கு அதிக நேரம் எடுத்தது.

"அப்ப, நான்தான் எடுத்ததெண்டு எழுதியிருக்கோ?"

"அப்பிடி இல்லை அன்ரி. நீங்கள் சம்மதிச்சதெண்டு."

"நான் சம்மதிக்கேல்லையே."

கொழும்புக்கு மேலிடத்துக்கு இன்னொன்று எழுதுவோம் என்றேன். எழுதினேன். கிடைத்தது என்று பதில் வந்தது, அவ்வளவுதான். காணிக்காரர் கொக்குவிலில் இருக்கிறார். போய்க் கேட்டோம். நல்ல மனுசன், இரண்டு கிழமை பொறுத்தார்.

அந்த இரண்டு கிழமைக்குள் ஒருநாள் அன்ரி எங்கள் வீட்டில் இருந்தபோது போன் அடித்தது. நீளமான, முன்பின் தெரியாத எண். அவர் பாம்பைத் தொடுவதுபோல அதைத் தொட்டு என் பக்கம் தள்ளினார். நான் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஹலோ, மாமியோ? நான் கிருஷாந் கதைக்கிறன்."

அன்ரி கையால் வாயைப் பொத்தினார்.

"நீங்கள் கிருஷாந் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வங்கி உத்தியோகத்தரின் குரல்போலக் கேட்டது.

"நீங்கள் ஆர்?"

"எதிர்வீடு. மாமி வீட்டிலை இருக்கேக்கை பள்ளிக்கூடத்துக்கு எதிலை போனனீங்கள்? சொல்லுங்கோ."

"பஸ்ஸிலை... இல்லை, நடந்துதான் போனது எண்டு நினைக்கிறன். எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. ஏன் உது?"

அன்ரி தலையை ஆட்டினார். "இவர் சைக்கிள் பாரிலை ஏத்திக்கொண்டு போய் விட்டவர்" என்று மெதுவாக எனக்குச் சொன்னார். "ஒரு நாள் விடாமல்."

"தம்பித்துரை மாமா எல்லாம் சொன்னவர்" என்றது குரல். "விதைக்குக் காசு இல்லையெண்டு. நான் போட்டு விடுறன். கணக்கு நம்பரையும் ஐ.சி. நம்பரையும் சொல்லச் சொல்லுங்கோ."

தம்பித்துரை இல்லை, தம்பிஐயா. சொந்த மாமனின் பெயரே தெரியவில்லை. கேட்பதும் அதே இரண்டு எண்கள். நான் அன்ரியைப் பார்த்தேன். படித்த பிள்ளை, நீ சொல்லு என்று அவர் என்னைப் பார்த்தார். அன்ரிதான் கையை நீட்டிக் கட் பண்ணினார். மறுபடியும் அடித்தது. அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் தம்பிஐயா மாமா சைக்கிளைப் படலையில் சாத்தாமலே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அது அவன்தான் மச்சாள்! சத்தியமா அவன்தான்! வேலையிடத்துப் போனிலையிருந்து எடுத்தவனாம். உதவி செய்ய எடுத்தவனைக் கள்ளனைக் கேக்கிறமாதிரிக் கேட்டிருக்கிறீங்கள். இனி எனக்கு எடுக்க வேண்டாமெண்டு சொல்லிப் போட்டான்."

நான்தான், "என்ரை பிழை. அவரிட்டை நான் கதைக்கிறன், நம்பரைத் தாங்கோ" என்றேன்.

"எடுத்து என்ன பிள்ளை சொல்லுறது?" என்று அன்ரி கேட்டார். "கடைசியிலை அந்த நம்பரைத்தானே சொல்லோணும். எனக்கு வாய் வராது."

"அவர் உண்மையான ஆள் அன்ரி."

"ஓம். ஆனால் பார், சொந்தக்காரன் கேக்கேல்லை, சாப்பிட்டீங்களோ எண்டு."

தம்பிஐயா மாமா தந்த எண்ணில் நான் இரகசியமாகக் கிருஷாந்துக்குச் செய்தி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு, நிலைமையை விளக்கி, நீளமாக, நல்ல தமிழில். வாசித்ததைக் காட்டி இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. அவரைப் பிழை சொல்ல எனக்கு முடியவில்லை.

தை பிறந்து சில நாளில் அந்தக் காணியில் உழவு மெசின் இறங்கியது. குத்தகைக்கு எடுத்தவர் அளவெட்டிக்காரர். நடவுக்குக் கூலிக்கு ஆட்கள் கேட்டார். அன்ரியும் போகிறார். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், ஆனால் காட்டும் இடத்தில்தான் நடுகிறார்.

போகும்போது போனை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார். "நீ பார்த்து, தெரிஞ்ச ஆளெண்டால் எடு பிள்ளை." என் விண்ணப்பங்களுக்குப் பக்கத்தில் மேசையில் அது கிடக்கும். அறிவித்தல் இன்னும் இணையத்தில் இருக்கிறது. அகற்றக் கேட்டால், நினைவுக்காக வைத்திருப்பது வழக்கம் என்கிறார்கள். முன்பின் தெரியாத எண்கள் இடைக்கிடை வருகின்றன. இன்றைக்கும் ஒன்று வந்தது, வெளிநாட்டு எண். கிருஷாந்தின் எண்ணோடும் அவருடைய வேலையிடத்து எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் இல்லை. அவர் வேறொரு போனிலிருந்து எடுப்பதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். விரலை அதன் மேல் வைத்தபடியே இருந்தேன். போன் அடித்து நின்றுவிட்டது.