பிணை நின்றவனின் மகன்

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் கனடாவுக்குத் தெற்கே, அமெரிக்காவில், கட்டாய இராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள் அல்லவா? வசதியான வீட்டுப் பிள்ளைகளும் சண்டைக்குப் போனால்தான், சண்டை வேண்டுமா என்று வசதியானவர்கள் இரண்டு தடவை யோசிப்பார்கள் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கனடாவில் யாரையும் யாரும் இழுத்துக்கொண்டு போவதில்லை. விரும்பியவர் போகிறார், விரும்பாதவர் வீட்டில் இருக்கிறார். நாகரிகமான நாடு இப்படித்தான் இருக்கும்... என்று எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு நினைப்பு. மொன்றியலின் வில்லரே பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் போன் எடுத்துப் பாராட்டினார். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த போன் பிரான்சிஸிடமிருந்து வந்தது. அவன் பாராட்டவில்லை. வாசித்தேன் என்று மட்டும் சொன்னான். சனிக்கிழமை பின்னேரம் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு, தன் வீட்டுக்கு, ஒருக்கால் வந்து போகச் சொன்னான். மூத்த மகன் ஜெரோமுக்கு என்னிடம் ஒரு கையெழுத்து வேண்டுமாம். என்ன கையெழுத்து என்று கேட்டேன். வந்தால் தெரியும்தானே என்று வைத்துவிட்டான்.

பிரான்சிஸ் யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

யாழ்ப்பாணத்தில் ஒரு டியூட்டறியில் நான் வணிகம் படிப்பித்தேன். அங்கே ரோணியோ மெஷின் சுற்றியவன் பிரான்சிஸ். நாங்கள் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளைப் பிரதி எடுப்பது அவன் வேலை. முழங்கை வரை மை அப்பியிருக்கும். கணித ஆசிரியர் எழுதிக் கொடுத்த விடையில் பிழை இருந்தால், பேசாமல் திருத்திவிட்டு அடிப்பான். ஆசிரியருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்... ஏனென்றால் என் குறிப்புகளையும் அவன் அப்படித்தான் காப்பாற்றினான்.

பிறகு ஏன் அவன் மெஷின் சுற்றினான், நான் மேடையில் நின்றேன்? அவன் அப்பா வீடு கட்டுகிற மேசன். என் அப்பா பாங்க் மனேஜர். இதற்கு மேல் விளக்கம் தேவையா? மாணவர்களுக்கு நான் 'சேர்', அவன் வெறும் பிரான்சிஸ். எங்களுக்குள் மட்டும் மச்சான்.

அந்தக் காலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஊரில் மின்சாரம் கிடையாது. வகுப்பு முடிந்ததும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரைக் கசட் பிளேயரில் கொழுவி, முறை வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரும் களைத்துவிடுவார். பிரான்சிஸின் முறை வந்தால் மட்டும் பாட்டு தடங்கல் இல்லாமல் போகும். மெஷின் சுற்றிய கை அல்லவா? மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிப் புகை கக்கும், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்ப்போம். இல்லாதது ஆயிரம். ஆனாலும் இருபத்தைந்து வயது என்பது எந்த ஊரிலும் இருபத்தைந்து வயதுதான். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைப் போன்ற சந்தோஷம் பிறகு எனக்கு வரவில்லை.

அப்போதுதான் ஊரை ஆண்ட போராளி இயக்கத்தார் கூட்டங்கள் போட்டு ஆள் கேட்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயம் பாருங்கள்! மேசன் வீட்டிலும் ஒருவர், மனேஜர் வீட்டிலும் ஒருவர். அதைவிடச் சமத்துவம் எங்கே கிடைக்கும்?

ஆனால் மனேஜர் வீட்டுக்குப் பின்கதவு இருந்தது.

ஊரை விட்டு வெளியே போக அப்போது இயக்கத்திடம் பாஸ், அனுமதிச் சீட்டு, எடுக்க வேண்டும். இளம் ஆண்களுக்கு லேசில் கொடுக்கமாட்டார்கள். நோய் வருத்தம் என்றால் டொக்டரின் கடிதம் வேண்டும். கூடவே, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவன் சொன்ன நாளில் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்துக்கு என் மாமா இருந்தார். பெரியாஸ்பத்திரி டொக்டர். வலது கண்ணில் கொழும்பில் அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று எழுதித் தந்தார். அந்தக் கண்ணுக்கு அன்றைக்கும் ஒன்றுமில்லை, இன்றைக்கும் ஒன்றுமில்லை.

பிணைக்கு யார்? அப்பா தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லோரிடமும் போனார். ஒருவருக்குக் கால் உளைவு, ஒருவருக்கு மகளின் கல்யாணம். கடைசியில் பிரான்சிஸ் தானாகவே வந்தான். அவன் நேரத்தோடு கல்யாணம் கட்டியவன். இடுப்பில் கைக்குழந்தையோடு வரிசையில் என் பக்கத்தில் நின்றான். மேசையில் இருந்தவர் குழந்தையைப் பார்த்தார். குடும்பகாரன், ஓடமாட்டான் என்று அவருக்குத் திருப்தி. பிரான்சிஸ் ஒரு மூச்சில் விலாசம் எழுதிக் கையெழுத்து வைத்தான். திரும்பி வருவாயா என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வருவேன் என்று பொய் சொல்லியிருப்பேன்.

ஒரு மாதத்தில் திரும்ப வேண்டியவன் நான். அடுத்த குளிர்காலத்தில் மொன்றியலில் இருந்தேன்.

நான் திரும்பாததால் பிரான்சிஸை வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் அவர்களுக்குப் பங்கர், பதுங்குகுழி, வெட்டினான். இதை எனக்குச் சொன்னது ஊரிலிருந்து வந்த வேறு ஒருவர். அவன் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்து எப்படியோ கனடா வந்து சேர்ந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோதும் சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நன்றாகக் கொழுத்துவிட்டாய் மச்சான் என்றுதான் சொன்னான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் ஹோலில் படுத்தான். நானும் மனைவியும் கைக்குழந்தையும், இரண்டு அறை வீடு. எனக்குப் பகல் வேலை, அவனுக்குப் பின்னேர வேலை. ஒழுங்கான குளிர்ச்சட்டை ஒன்றுதான் இருந்தது. நான் வேலை முடிந்து வரும்போது அவன் மெட்ரோ வாசலில் காத்து நிற்பான். நான் கழற்றுவேன், அவன் போடுவான், பிறகு நான் இரண்டு தெருவை ஒரே ஓட்டமாக ஓடி வீட்டுக்குள் விழுவேன். டெப்பனர் என்கிற மூலைக்கடைக்காரர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிரிப்பார். இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு ஜாக்கெட். அந்த ஒன்றின் சூடு எதிலும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. கேட்ட நாளும் இல்லை. பிறகு அவன் மனைவி மேரியும் ஜெரோமும் வந்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நாங்கள் நகரத்தின் ஓரத்தில், வசதியானவர்கள் இருக்கிற இல்-பிசாரில் வீடு வாங்கிக்கொண்டு போனோம். அவன் தையல் தொழிற்சாலை ஒன்றில் துணி வெட்டிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனிலேயே இருந்துவிட்டான்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

மூன்று மாடி ஏறிப் போனேன். மேசையில் ஒரு போம் இருந்தது. கனடிய இராணுவத்தில் சேருவதற்கான விண்ணப்பம். சொந்தக்காரர் அல்லாத, விண்ணப்பதாரரைப் பல வருடங்களாகத் தெரிந்த ஒருவர் அவரைப் பற்றி உத்தரவாதம் சொல்லிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஜெரோம் உற்சாகமாகச் சொன்னான். பிரெஞ்சும் தமிழும் கலந்து, மரியாதையாகச் சொன்னான். வாகன இயந்திர வேலை பழக்குவார்களாம். படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையதாம். படிக்கிற இடத்துக்கே வந்து மேசை போட்டு எல்லாம் விளங்கப்படுத்தினார்களாம். ஆப்கானிஸ்தான் என்று நான் இழுத்தேன். அனுப்பினால் போவேன் அங்கிள் என்றான், பஸ் மாறிப் போவதைச் சொல்வதுபோல.

இல்-பிசாரில் அப்படி ஒரு மேசையை நான் கண்டதில்லை. கோடையில் லாவாலுக்குப் படகு போகிற துறையடியில் ஐஸ்கிறீம் விற்கிற மேசையைத்தான் கண்டிருக்கிறேன்.

மேரி தேத்தண்ணி கொண்டு வந்தா. கோப்பையை வைக்கும்போது, மகன் அறைக்குள் போயிருந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தினா.

"அண்ணை, நீங்கள் வைக்காட்டி வேற ஆரும் வைச்சுக் குடுப்பினம். எண்டாலும் நீங்கள் வைக்காதேங்கோ."

நான் பிரான்சிஸைப் பார்த்தேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். உனக்கு விருப்பமா என்று கேட்டேன். அவன் என் பத்தியிலிருந்து தொடங்கினான்.

"நீ எழுதினது சரிதான் மச்சான். இஞ்ச ஒருத்தரும் பிடிக்கேல்லை. பிடிக்கத் தேவையில்லை. இந்தப் படியால நாங்களே இறங்கிப் போறம்."

கோபமாகச் சொல்லவில்லை. என் குறிப்புகளில் பிழை திருத்திய அதே குரல்தான். இரண்டு வாரங்களாக நான் மெச்சிக்கொண்டிருந்த பத்தி அந்த நிமிடமே செத்தது.

பிடித்துக்கொண்டு போவது நியாயமா, விரும்பியவர் போவது நியாயமா? இரண்டையும் ஒரே ஆயுளில் பார்த்துவிட்டேன். அங்கே எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார்கள். எங்கள் வீட்டில் டொக்டர் இருந்தார். இங்கே கதவைத் தட்டுவதே இல்லை; படிக்க வழி இல்லாத பிள்ளை தானே உடுப்பு மாற்றிக்கொண்டு வெளிக்கிடுகிறது. சட்டம் தலைகீழாக மாறியிருக்கிறது. போகிற வீடு மட்டும் மாறவில்லை.

ஜெரோமின் படிப்புச் செலவை நான் பார்க்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு, உண்மையாகவே பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

பிரான்சிஸ் திரும்பி என்னைப் பார்த்தான். "அண்டைக்கு வைச்ச சைனுக்கோ?"

பிணை நின்ற நாளிலிருந்து பதினாறு வருடங்களில் முதல் தடவையாக அதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மேசையில் கிடந்த போமைப் பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நல்ல தருணம். சொல்லவில்லை. அவன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

"போக வேணும் எண்டவனை மறிச்சு வைச்சிருந்த ஊரில இருந்து வந்தனாங்கள். நான் மறிக்கமாட்டன். அவன் கேக்கிறான், நீ வை."

வைத்தேன். பெயர், வேலை, விலாசம், தொலைபேசி எல்லாம் நிரப்பினேன். எவ்வளவு காலமாகத் தெரியும் என்ற கேள்விக்கு, குழந்தையிலிருந்து என்று எழுதினேன். நம்பகமானவரா என்ற கேள்விக்கு, ஆம். அன்றைக்குப் பிரான்சிஸின் இடுப்பில் இருந்த குழந்தை இப்போது என்னைவிட அரை அடி உயரம். குனிந்து மெர்சி அங்கிள் என்றது. மேரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா, என்னைப் பார்க்கவில்லை. அவ கோபப்பட்டதில் என்ன பிழை?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டா. அழுதா. ஜெரோமைத் தன் கையால் சோறு தீத்தி வளர்த்தவ அல்லவா? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திடீரென்று நிமிர்ந்தா. மேல்மாடியில் எங்கள் மகன் பியானோ பழகிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது.

"இஞ்சேருங்கோ, ஆமிக்காரரின்ர போமில எங்கட வீட்டு விலாசத்தையே எழுதிக் குடுத்தனீங்கள்?"

வாசகர்கள் சிரிக்கலாம். இது கனடா, கையெழுத்து வைத்தவர் வீட்டுக்குப் பிள்ளை பிடிக்க யாரும் வரமாட்டார்கள், இரண்டு வாரங்களுக்கு முன் நீயே இதைத்தானே எழுதினாய் என்று கேட்கலாம். கேளுங்கள்.

ஏனென்றால் நான் மனைவிக்குச் சொன்ன பதில் இது: "இல்லை, பயப்பிடாதை. ஒஃபிஸ் விலாசத்தைத்தான் குடுத்தனான்."

பிரான்சிஸ் அன்றைக்கு எனக்காக எழுதிக் கொடுத்தது வீட்டு விலாசம்.