ஒரு நாள் டூட்டி

டெய்சியிடம் இருந்தது இருபத்து மூன்று மாத அனுபவம். சவூதி வேலைக்குக் கேட்டது இரண்டு வருஷம்.

நர்சிங் முடித்த புதிதில் திண்டுக்கல்லில் அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காம்மா?" என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. கடைசியில், 1996 ஜூலையில், மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொண்டது. இடைவிடாமல் இரண்டு வருஷம் இருந்தால்தான் சான்றிதழ். பதினைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பார்த்த மாதங்களும் கணக்கில் வராது.

கடைசி மாதத்தில் அப்பா ஞானதாஸ், திண்டுக்கல் பக்கம் சொந்த ஊரான எரியோட்டில் வெங்காயக் காட்டிலேயே மயங்கி விழுந்தார். ஈரல் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அம்மா வியாகுலம்மாளுக்கு ஊசியைக் கண்டாலே கை நடுங்கும். டெய்சி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பதினான்காம் நாள், பக்கத்துக் கடைப் போனில் தலைமை நர்ஸ் கமர்ஜஹான் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் வந்து டூட்டி பாத்துட்டுப் போயிரும்மா. மறுநாள்ல இருந்து புதுசா லீவு போட்டுத் தாரேன், அதோட ரெண்டு வருஷம் முடிஞ்சிரும். இல்லேன்னா உன் பேரை நாந்தான் அடிக்கணும். அந்தப் பாவத்தை என் தலையில போடாத."

அப்பாவிடம் சொன்னாள்.

"போயிட்டு வாத்தா. நான் என்ன பஸ்ஸுக்கா நிக்கிறேன், நீ வாரதுக்குள்ள ஏறிப் போறதுக்கு?"

"பேச்சைப் பாரு" என்று அதட்டினாள். அவர் சிரித்தார்.

மறுநாள் விடியற்காலை கிளம்பும்போது பார்த்தாள். அவருடைய விரல்கள் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. வார்டில் அப்படிப் பிய்த்தவர்கள் மூன்று பேரை அவளுக்குத் தெரியும். ஒருவர்கூட மறுநாளைப் பார்க்கவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் அந்த விரல்கள் கண்ணுக்குள் வந்தன. இறங்கிவிட்டாள்.

வீட்டில் ஞானதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் அவர் அத்தனை தெளிவாக இருந்ததில்லை. மகளைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"ஏன்த்தா வந்துட்ட?"

"பஸ் கெடைக்கலப்பா."

"மதுரைக்கா பஸ் இல்ல?"

அடுப்படியில் அம்மாவிடம் மெதுவாகப் போர்வையைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா? சின்னப் புள்ளைல இருந்தே தூங்கி எந்திரிச்சா அப்படித்தானாம், உங்க அப்பாயி சொல்லுவாக."

மூன்றாம் நாள் பெயரை அடித்த செய்தி வந்தது. ஞானதாஸ் எட்டு மாதம் இருந்தார். டெய்சிதான் குளிப்பாட்டினாள், ஊசி போட்டாள், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தாள். காலையில் கண் விழித்ததும் அவர் மகளைத்தான் பார்ப்பார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. "இன்னும் இருக்கேன்த்தா" என்பார். அவளும் "இருங்கப்பா" என்பாள்.

அவர் போன அன்று அவளுக்கு முதலில் தோன்றியது, அந்த ஒரு நாள் போயிருக்கலாம் என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய சாமியார் முன்னால் முழங்காலிட்டபோது அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். பூசைக்குப் போகாதது, அம்மாவை ஏசியது என்று எதையெதையோ சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் விண்ணப்பம் வாங்கினாள். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.